பன்னிரண்டாவது பெயர்

டயர் கடையில் கூட்டம் போட்டால் யாருக்கும் நாற்காலி கிடைக்காது. ஆளுக்கொரு பழைய லாரி டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு, உலகக் கோப்பையை நடத்துவதே நாங்கள்தான் என்பதுபோல் பேசிக்கொண்டிருப்போம். சூரமங்கலம் பிரண்ட்ஸ் கால்பந்துக் குழு மாவட்டத்தின் மூன்றாம் டிவிஷனில் ஆடுகிறது. அதற்குக் கீழே நான்காம் டிவிஷன் இருக்கிறது. அதற்கும் கீழே புல்கூடக் கிடையாது. இந்தக் குழுவுக்கு ஒரு ரசிகர் மன்றம், அதில் முப்பது நாற்பது பேர், பெண் என்று பார்த்தால் நானும் சௌந்திரம் அக்காவும். என் பெயர் வெண்ணிலா. ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை. வாய் கொஞ்சம் அதிகம் என்று அங்கேயும் சொல்வார்கள், மன்றத்திலும் சொல்வார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டத்துக்கு ஒரே விஷயம்தான். சென்னிமலை நினைவுக் கோப்பையைப் புறக்கணிப்பதா, வேண்டாமா?

சென்னிமலை எங்கள் லெஃப்ட் பேக், இடது பக்கம் தடுத்து ஆடுகிறவன். பெரிய ஆட்டக்காரன் என்று பொய் சொல்ல மாட்டேன். பந்து காலுக்கு வந்தால் முதலில் வெளியே அடித்துவிட்டுப் பிறகுதான் யோசிப்பான். சங்ககிரிக்காரன், இங்கே ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தான். ஏழெட்டு வருடத்துக்கு முன்னால், கீழ் டிவிஷன்களுக்கான கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள், ஊருக்குப் போய்விட்டு பைக்கில் திரும்பும்போது நெடுஞ்சாலையில் லாரி மோதிச் செத்துப்போனான். ஆட்டத்தைத் தள்ளிவைக்கச் சொன்னோம், முடியாது என்றார்கள். அவன் பெயர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. மறுநாள் மைக்கில் வாசித்தவர் பழக்கத்தில் "சென்னிமலை" என்று வாசித்துவிட்டார். வாசித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. மைதானம் கப்சிப் என்று ஆனது. அப்போது எங்கள் பக்கத்துப் படிக்கட்டில் யாரோ ஒருவன் "இருக்கான்!" என்று கத்தினான். உடனே எல்லோரும் கத்தினோம்.

அதுவே வழக்கமாகிவிட்டது. அடுத்த வருடம் கோப்பைக்கு அவன் பெயரை வைத்தார்கள். வருடா வருடம் முதல் ஆட்டத்தில் எங்கள் பதினோரு பேரின் பெயரை வாசித்ததும் பன்னிரண்டாவதாகச் "சென்னிமலை" என்பார்கள். மேற்குப் படிக்கட்டு முழுக்க "இருக்கான்!" என்று பதில் சொல்லும்.

அதைக் கேட்பதற்கென்றே சங்ககிரியிலிருந்து பஸ் ஏறி வருவார் அவன் அப்பா ராசு அண்ணன். லாரி டிரைவராக இருந்து ஓய்ந்தவர். கால்பந்தில் அவருக்கு அ, ஆ கூடத் தெரியாது. கோல் விழுந்தால் எல்லோரும் எழுந்த பிறகு எழுவார். காலமெல்லாம் இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததில் காதும் மந்தம். ஆனால் அத்தனை பேர் சேர்ந்து கத்தும் அந்த ஒரு சொல் அவருக்கு நன்றாகக் கேட்கும். கேட்டுவிட்டு இடைவேளையில் கிளம்பிவிடுவார். மூட்டுவலியால் வர முடியாத அவர் மனைவி பூவாத்தாள் வாசலிலேயே காத்திருப்பாராம். "நம்ம பையனைக் கூப்புட்டாங்களா? என்ன சொன்னாங்க?" என்று கேட்பாராம். "இருக்கானாமா" என்று இவர் சொல்வாராம். அதற்கப்புறம்தான் இரண்டு பேரும் சாப்பிடுவார்களாம். இதை அவரே ஒருமுறை என்னிடம் சொன்னார், ஏதோ வெட்கப்படுகிறவர்போல.

இந்த வருடம் போட்டிக் கமிட்டிக்குத் திடீரென்று பெரிய மனசு வந்துவிட்டது. பணக்காரக் கால்பந்து அகாடமிகள் இரண்டு, வெளியூரிலிருந்து தங்கள் ஜூனியர் டீம்களை அனுப்பலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஹாஸ்டலில் தங்கி, முட்டையும் பாதாமும் தின்று, நாள் முழுக்கப் பயிற்சி எடுக்கிற பிள்ளைகள். அவர்களுக்கு எதிரே பட்டறையில் ஷிஃப்ட் முடித்துவிட்டு ஓடிவருகிற எங்கள் பையன்கள். போதாததற்கு ஒரு கட்டுமானக் கம்பி கம்பெனி விளம்பரதாரராக வந்தது. போஸ்டரில் கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில். சென்னிமலை பெயர் அடியில், அச்சகத்தின் போன் நம்பருக்குப் பக்கத்தில்.

மன்றத்துச் செயலாளரும் டயர் கடைக்காரனுமான மதியழகன் அந்தப் போஸ்டரைச் சுவரிலிருந்து கிழித்தே கொண்டுவந்திருந்தான். அவனும் சென்னிமலையும் ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள்.

"இதைப் பாருங்க. தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கு அவன் பேரை. இது நம்ம கோப்பை. கீழ இருக்கிறவனுக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான். அதையும் வாடகைக்கு விட்டுட்டானுங்க. ஒருத்தன்கூட உள்ள போகக் கூடாது."

"பசங்க ஆடறாங்களே மதி. கை தட்ட ஆள் வேண்டாமா?" என்றார் சௌந்திரம் அக்கா.

"பசங்க ஆடாம இருந்தா ஒரு வருசம் தடை போடுவாங்கக்கா, அவனுங்க ஆடட்டும். நாம வெளிய நிக்கலாம். கேட்டுக்கு முன்னாடி, வாயில கறுப்புத் துணி கட்டிக்கிட்டு. படிக்கட்டு காலியாக் கெடந்தாத்தான் கமிட்டிக்கு உறைக்கும்."

கைதட்டல் எழுந்தது. கறுப்புத் துணி என்றதும் எல்லோருக்கும் ஒரு முறுக்கு வந்துவிடுகிறது.

நான் எழுந்தேன். "எல்லாம் சரி. பேரைக் கூப்பிட்டா யார் பதில் சொல்றது?"

மதி கையிலிருந்த போஸ்டரை மடித்தான்.

"கூப்பிடறதே ஒரு கண்துடைப்புக்கா," என்றான் மதி. "பேரை மூலையில போட்டுட்டு மைக்குல மட்டும் கூப்பிட்டா ஆச்சா? நாம போய்க் கத்துனா, இப்படிப் போட்டது சரிதான்னு ஆயிடும். இது ராசு அண்ணனுக்கு நடந்த அவமானம். அவருக்காகத்தான் நான் சொல்றேன்."

"அவருக்காகன்னா அவரையே கேளு."

ராசு அண்ணன் அன்றைக்கு வந்திருந்தார். கடைசியில், அடுக்கி வைத்த டயர்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முப்பது தலையும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பின. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நீங்கெல்லாம் ஒண்ணாச் சேந்து சொல்றப்ப நான் என்னங்க சொல்றது? பாத்துச் செஞ்சுக்கலாமுங்க."

"பாருங்க, அண்ணனே சொல்லிட்டாரு!" என்றான் மதி. மறுபடி கைதட்டல்.

இங்கேதான் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. நாங்கள் எல்லோரும் இந்தப் பக்கத்து மனுஷர்கள்தானே. பெண் கேட்டுப் போன இடத்தில் "பாக்கலாமுங்க" என்றால், காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவோம். நிலம் பேசும்போது "செஞ்சுக்கலாமுங்க" என்றால் வேறு ஆளைத் தேடுவோம். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். மகனுக்காகக் கூடியிருக்கிற முப்பது பேருக்கு முன்னால் ஒரு தகப்பன் எப்படி மாட்டேன் என்பார்? அத்தனை பேரும் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டோம். கை தூக்கச் சொன்னபோது புறக்கணிப்புக்கு எதிராக என்னோடு நாலைந்து கைதான் எழுந்தது. நான்கூடக் கேள்வி கேட்டேனே தவிர, அவர் சொன்னதன் அர்த்தத்தை எடுத்துச் சொல்லவில்லை.

கேப்டன் யோகேஷ் மட்டும் என்னைச் சமாதானப்படுத்தினான். "பேரை நான் எப்பவும்போல எழுதிக் குடுக்கறேன்க்கா. நாங்க பதினோரு பேரும் கிரவுண்டுல இருந்தே பதில் சொல்லிடறோம். நீங்க கவலைப்படாதீங்க."

எனக்கும் அது போதும் என்று பட்டது. மன்றம் முடிவெடுத்த பிறகு தனியாக முறுக்கிக்கொண்டு நிற்பதும் அழகில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கேட்டுக்கு வெளியே வரிசையாக நின்றோம். மதி கடையிலிருந்தே கறுப்புத் துணி வெட்டிக் கொண்டுவந்திருந்தான். பின்னந்தலையில் இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டோம். உள்ளே ஆளுயர ஸ்பீக்கர்கள் அதிர்ந்துகொண்டிருந்தன. பந்தலுக்குக் கீழே அகாடமிப் பிள்ளைகளின் பெற்றோரும், கம்பெனி கொடுத்த மஞ்சள் பனியன் போட்ட ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே மேற்குப் படிக்கட்டு, நாங்கள் ஆசைப்பட்டபடியே வெறிச்சோடிக் கிடந்தது.

ராசு அண்ணனை முன்வரிசையில் நிறுத்த வேண்டும் என்று மதி தேடிக்கொண்டிருந்தான். உடம்பு சரியில்லையோ என்று யாரோ சைகை காட்டினார்கள். சௌந்திரம் அக்காதான் முதலில் பார்த்தார். என் முழங்கையைக் கிள்ளி, கேட்டுக் கம்பிகளின் வழியே காட்டினார்.

அந்தக் காலிப் படிக்கட்டின் நடுவில், வெள்ளைச் சட்டையும் துண்டுமாக, ராசு அண்ணன் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு முன்பே வந்து உள்ளே போயிருக்கிறார்.

கேட்டை நோக்கி நகர்ந்தேன். மதி கையைப் பிடித்துக்கொண்டான். துணியைக் கொஞ்சம் கீழே இழுத்து, "ஒரு நிமிசம்க்கா, பேப்பர்காரர் போட்டோ எடுக்கறாரு. அதான் யோகேஷ் சொல்றேன்னானே," என்றான். நான் நின்றுவிட்டேன். போட்டோவும் எடுத்தார்கள். அதில் நான் நன்றாகவே விழுந்திருக்கிறேன்.

மைக்கில் ஒரு இளைஞன் பெயர் வாசிக்க ஆரம்பித்தான். விழா நடத்தித் தரும் கம்பெனியிலிருந்து கூலிக்கு வந்தவன், எங்களைப் பற்றி ஒன்றும் அறியாதவன். டிவியில் காட்டுவதுபோல் ஏற்பாடு. ஒவ்வொரு பெயராக இழுத்து நீட்டிக் கூப்பிடுவான், துணிக் கூடாரத்தின் வாசலில் புகை கிளம்பும், அதற்குள்ளிருந்து ஆட்டக்காரன் ஓடிவருவான், மஞ்சள் பனியன்கள் கை தட்டுவார்கள். கோல்கீப்பர் ஓடிவந்தான். யோகேஷ் ஓடிவந்தான். பதினோரு பேரும் மைதானத்தின் நடுவில் போய் நின்றார்கள்.

"அடுத்து… சென்னிமலை!"

புகை கிளம்பியது.

மைதானத்தின் நடுவிலிருந்து பதினோரு பேரும் கையைத் தூக்கி வாயைத் திறந்தார்கள். கத்தியிருக்கத்தான் வேண்டும். ஸ்பீக்கர் போட்ட கூப்பாட்டில் கேட்டருகே நின்ற எங்களுக்கே ஒன்றும் கேட்கவில்லை. படிக்கட்டில் மந்தமான காதோடு உட்கார்ந்திருந்த அவருக்கு எங்கே கேட்கும்?

"சென்னிமலை! எங்கப்பா, வாப்பா! எல்லாரும் வெய்ட்டிங்!"

ராசு அண்ணன் எழுந்து நின்றார். அவர் ஆட்டக்காரர்களைப் பார்க்கவில்லை. அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு பிள்ளைகள் அதற்குள்ளிருந்து ஓடிவந்ததைப் பார்த்தவர், பன்னிரண்டாவதாக ஒருவன் வருவான் என்பதுபோல் கழுத்தை நீட்டி அந்தப் புகையையே பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

நான் முடிச்சை அவிழ்க்கப் போராடிக்கொண்டிருந்தேன். தலைமுடியோடு சேர்ந்து சிக்கிக்கொண்டது. பக்கத்தில் மதியும் துணியைப் பிய்த்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"சென்னிமலை வரலை போலிருக்கு," என்றான் மைக்கில் அந்தப் பையன், சிரித்துக்கொண்டே. "பரவாயில்ல, அவர் இல்லாமலே ஆடிக்கலாம்! அடுத்த டீமைக் கூப்பிடலாமா?"

மஞ்சள் பனியன்கள் சிரித்தார்கள். பாட்டு இன்னும் சத்தமாகப் போட்டார்கள்.

ராசு அண்ணன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மைதானத்தின் ஓரமாகவே நடந்து, கேட்டைத் தாண்டி வெளியே வந்தார். துணிகளைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் நின்றோம். எங்களைத் தாண்டி எதிரே இருந்த பஸ் நிறுத்தத்துக்குப் போனார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம்.

மதி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அழுதுகொண்டிருந்தான். "ண்ணா, உங்களுக்காகத்தான்ணா வெளிய நின்னோம். இப்படி ஆகும்னு நெனக்கலீங்கண்ணா."

"அழுவாத சாமி. உம்மேல ஒரு கொறையுமில்ல."

"வீட்டுல விடறேன், வண்டியில ஏறுங்க," என்றேன் நான்.

"வேண்டாஞ் சாமி, பஸ்ஸு வந்துரும்." ரோட்டைப் பார்த்தார். "ஊட்ல கேப்பாளுங்க. போனதும் கேப்பா. வரலைன்னு சொல்லிட்டாங்கன்னு எப்படிப் போய்ச் சொல்றது?"

"இருக்கான்னே சொல்லுங்கண்ணா," என்றான் மதி. "அவங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

"காதுல உழுகாததை எப்படிச் சொல்றது சாமி? அவகிட்ட இத்தன வருசமா நெசத்தைத்தானே சொல்லியிருக்கேன்."

அதைக் கேட்டதும் மதிக்கு என்ன தோன்றியதோ, அவர் காதருகே குனிந்து "இருக்கான்!" என்று கத்தினான். சௌந்திரம் அக்காவும் கத்தினார். நானும் கத்தினேன். முப்பது நாற்பது பேரும் நட்ட நடு ரோட்டில் நின்று, யாரும் கூப்பிடாத பெயருக்கு, தொண்டை கிழிய "இருக்கான், இருக்கான்" என்று கத்தினோம். டவுன் பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள்.

ராசு அண்ணன் நாங்கள் முடிக்கிறவரைக்கும் பொறுமையாக நின்று கேட்டார். பிறகு மதியின் கையைத் தன் கையிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டார்.

"உள்ள வந்து சொல்லியிருக்கோணுஞ் சாமி. அவன் பேரைக் கூப்புட்டது அங்கதானே."

பஸ் வந்தது. எங்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறிக்கொண்டார்.