இடுக்கு அடைத்த வாரம்

மின்சார அலுவலகத்தில் முப்பது வருஷம் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவரைத் தெருவே மீட்டர் என்றுதான் கூப்பிடும். வீட்டுக்கு வீடு ஏ.சி. ஓடுகிறது, குளிரெல்லாம் இண்டு இடுக்கு வழியாக வெளியேறிக் காக்கைக்கு விசிறுகிறது என்று அவருக்கு வயிற்றெரிச்சல். இடுக்கை அடைக்கும் நுரை டப்பாவும் கதவடியில் ஒட்டும் ரப்பர் பட்டையுமாக மூன்று மாதம் படியேறி இறங்கினார். "அடுத்த வாரம் பாக்கலாம் சார்" என்று எல்லாரும் நழுவிவிட்டார்கள்.

மிஞ்சியது சொந்த வீடு. வினை வந்தது அவர் மனைவிக்கு.

பக்கத்து வீட்டுத் தையல்காரருக்கும் அவர்களுக்கும் பொதுச்சுவர். பழைய குழாய் ஒன்று சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் இரண்டு விரல் இடுக்கு. அதன் அடியில் உட்கார்ந்து பூண்டு உரிப்பதுதான் அம்மாளுக்கு மத்தியானப் பொழுதுபோக்கு. பூண்டு உரியுமோ இல்லையோ, அக்கம்பக்கத்துச் சேதி நன்றாக உரியும்.

அன்று தையல்காரர் மனைவியின் குரல் உச்சத்தில் இருந்தது.

"இருபது வருஷமா மெஷின் டிராயர்ல ஒளிச்சு வச்சிருக்கீங்களே, யாரு எழுதின லெட்டர் இது?"

தையல்காரர் தொண்டையைச் செருமினார். அந்த நேரம் பார்த்து மீட்டர் டப்பாவை அழுத்தினார். புஸ்ஸென்று பொங்கிய நுரை இடுக்கை அடைத்துக்கொண்டது.

"ஏங்க, ஒரு நிமிஷம் பொறுத்தா குடியா முழுகிடும்?"

"குளிர் பொறுக்குமா?" என்றார் அவர்.

அம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் மாடியில் துணி காயப்போடும்போது தையல்காரர் மனைவியைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஏம்மா, கடைசியில அந்த லெட்டரை யாருதான் எழுதினது?"

"நான்தான்க்கா! கல்யாணத்துக்கு முன்னாடி எழுதினது. சோதிக்கத்தான் தெரியாத மாதிரி கேட்டேன், அந்த மனுஷனுக்கு என் கையெழுத்தே மறந்துபோச்சு. யாருதுன்னு தெரியாமலே பத்திரமா வச்சிருக்காரு பாருங்க!" என்று பொரிந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "ஆமா, லெட்டர் விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அம்மாள் ஈரப் போர்வையின் பின்னால் ஒளிய இடம் தேடினாள்.

சாயங்காலத்துக்குள் விஷயம் தெரு முழுக்கப் பரவியது. இடுக்கு இருந்தால் காற்று மட்டும் போவதில்லை, பேச்சும் போகிறது! மிச்சமிருந்த இடுக்குகளையும் அடைக்கச் சொல்லித் தையல்காரர்தான் முதலில் வந்தார். பின்னாலேயே பால்காரர், டியூஷன் டீச்சர், எதற்கும் அசையாத வக்கீல்கூட. "சார், எங்க வீட்டுக்கு இன்னைக்கே வந்துடுங்க!"

ஒரே வாரத்தில் பதினான்கு வீடு. டப்பா தீர்ந்து மறுபடி வரவழைக்க வேண்டியிருந்தது.

"பாத்தியா? சொல்ற விதத்துல சொன்னா ஜனங்க கேட்காமலா போயிடுவாங்க?" என்று மீட்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வீடு ஜில்லென்றுதான் இருந்தது. ஆனால் ஒரே நிசப்தம். தன் தும்மலுக்கே அம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்த வாரம் முழுக்க முகம் கொடுக்காமல் இருந்த தையல்காரர் மனைவி, எட்டாம் நாள் மத்தியானம் கதவைத் தட்டினாள். உள்ளே வந்து, கதவைச் சாத்தி, உட்கார்ந்துகொண்டாள்.

"சொல்லாம இருந்தா எனக்கும் மண்டை வெடிச்சிடும்க்கா. நேத்து என்ன நடந்துச்சு தெரியுமா?"

அம்மாள் பூண்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.