நோன்பிருந்த போன்கள்

கம்பிக் கட்டைப் பலகையில் பரப்பி, கறுப்பு டேப்பை இழுத்துச் சுற்றி, முனையைக் கிழித்து, அடுத்த கிளைக்குப் போய்க்கொண்டிருந்தாள் அக்லாயா. பலகை நிற்காது. ஆள் தும்மினாலும் அது பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருக்கும். ஒரு காருக்குள் எவ்வளவு கம்பி ஓடுகிறது என்பது அதை ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. ருமேனியாவின் போட்டோஷானி ஊரில் பாதிப் பெண்களின் விரல்களுக்குத் தெரியும். அக்லாயாவின் பெருவிரல் நகத்தில் ஏறிய டேப் பசை எந்தச் சோப்புக்கும் மசிந்ததில்லை.

விரல்கள் வேலையைப் பார்த்துக்கொண்டன. மனம் மட்டும் கேன்டீன் கல்லாவில் போய் நின்றது. நேற்றும் முந்தாநாளும் அவள் போனைக் கல்லா மெஷின்மேல் காட்டியபோது அது வாயைத் திறக்கவில்லை. வழக்கமாக 'டிங்' என்று சொல்லிப் பச்சை விளக்கைக் காட்டும் சாதனம், அவளை யாரென்றே தெரியாத மாதிரி இருட்டாக உட்கார்ந்திருந்தது. கல்லாக்காரி கவனிக்குமுன் அவள் தட்டை வைத்துவிட்டு நழுவியிருந்தாள்.

போன் மக்கர் செய்வதெல்லாம் ஒரு துக்கமா என்று தோன்றலாம். இந்தத் தொழிற்சாலையில் அது துக்கம்தான். சாப்பாட்டுப் படியைக் கம்பெனி மாதாமாதம் ஓர் அட்டையில் போடும். அந்த அட்டை போனுக்குள் மட்டும்தான் இருக்கிறது, கையில் பிடிக்க ஒன்றும் கிடையாது. போன இலையுதிர்காலத்தில் ஆட்களைக் குறைத்தபோது முதலில் செத்தது அந்த அட்டைதான். வேலை போன கடிதம் அப்புறம் சாவகாசமாக வீட்டுக்கு வந்தது. இப்போது மறுபடியும் ஆள்குறைப்பு என்று பேச்சு அடிபடுகிறது. யாரிடம் போய்க் கேட்பது? ஆபீஸில் கேட்டால், மறந்திருந்தவர்களுக்கு ஞாபகப்படுத்திய மாதிரி ஆகிவிடும்.

வேலை போனால் இத்தாலிதான். அங்கே கிழவர்களைக் குளிப்பாட்டும் தங்கை, ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவில் வந்து "வாக்கா, வாக்கா" என்று கூப்பிடுகிறாள். அக்லாயாவுக்குத் தன் வீடும், தன் ஆப்பிள் மரங்களும், தன் கணவனின் குறட்டையும் போதும். இந்த வயதில் வேறொரு பாஷையில் வேறொருவருடைய கிழவனைத் திட்டக் கற்றுக்கொள்ள அவளால் முடியாது.

தேநீர் இடைவேளையில் மெஷின் மெக்கானிக் டூடோரெலை ஒதுக்குப்புறமாக இழுத்துக்கொண்டு போனாள். முப்பது வயது ஆள். உதட்டில் எப்போதும் பற்றவைக்காத சிகரெட் ஒன்று தொங்கும்.

"தம்பி, யார்கிட்டயும் சொல்லக்கூடாது. இது காசு குடுக்க மாட்டேங்குது."

"ரீஸ்டார்ட் பண்ணீங்களா?"

"பண்ணேன். என் புருஷனும் பண்ணான். கையால ரெண்டு தட்டும் தட்டினான்."

டூடோரெல் உள்ளே போய் எதை எதையோ திறந்தான். கான்டாக்ட்லெஸ் அணைந்திருக்கிறதா என்று பார்த்தான். இல்லை. இருந்தும் ஒருமுறை அணைத்துப் போட்டான். அட்டையை அழித்துவிட்டு மறுபடியும் சேர்த்தான். அட்டை சமர்த்தாக வந்து உட்கார்ந்துகொண்டது.

"பாத்தீங்களா, அட்டை சேருதே. உங்களைத் தூக்கியிருந்தா சேருமா?"

"அந்தப் பாவிங்களை நம்ப முடியாதுடா."

"சரி, கவரைக் கழட்டுங்க. வேற ஏதாச்சும்..."

அவன் கை கவருக்குப் போகுமுன் அக்லாயா பட்டென்று அதன்மேல் அடித்தாள். "ஏய்! மர்த்சிஷோர் இருக்கு உள்ள. மாசம் முடியறதுக்குள்ள எடுத்தா விளங்குமா?"

மார்ச் முதல் தேதி பெண்களுக்குச் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலில் கோத்த சின்னப் பதக்கம், மர்த்சிஷோர், கிடைக்கும். மாதம் முழுக்க நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தால் வருடம் நன்றாகப் போகும். வருடா வருடம் கம்பெனி வாசலில் ஆளுக்கொரு பூங்கொத்தும் தருவார்கள். இந்த வருடம் பூ வாடிவிடுகிறது என்று சொல்லி, கட்டைவிரல் அகலத்துக்குத் தகர இதயம் ஒன்றைத் தந்தார்கள். ஒரு பக்கம் கம்பெனி பெயர், மறுபக்கம் 'நீங்கள்தான் எங்கள் இதயம்'. ஆனால் பலகை ஓடும் இடத்தில் நெஞ்சில் எதுவும் தொங்கக்கூடாது என்பது அதே கம்பெனியின் சட்டம். அதனால் பெண்கள் ஒவ்வொருவராக அதைப் போனுக்கும் கண்ணாடிக் கவருக்கும் நடுவே செருகிக்கொண்டார்கள். நூல் முனை மட்டும் வெளியே எலிவால் போல ஆடும்.

டூடோரெல் கையைத் தடவிக்கொண்டான். "சரி விடுங்க. இப்ப வேலை செய்யும். மத்தியானம் நானே பின்னாடி நிக்கிறேன்."

அவளுக்குப் பக்கத்துப் பலகையில் வேலை செய்யும் ஸ்மரண்டாவிடம் கூட அக்லாயா இதைச் சொல்லவில்லை. பயமும் இருந்தது, வெட்கமும் இருந்தது. சங்கு ஊதியதும், "சாப்பிட வரியாடி?" என்று மட்டும் கேட்டாள்.

"வரேங்க்கா, ஆனா எனக்கு ஒண்ணும் வேணாம். நோன்பு."

"நீயா? போன வருஷம் பெரிய வெள்ளிக்கிழமையே சாசேஜ் தின்னவ நீ."

"மனுஷி திருந்தக்கூடாதா?" என்றாள் ஸ்மரண்டா, எங்கோ பார்த்துக்கொண்டு.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலம்தான். இறைச்சி, முட்டை, பால் கூடாது. ஆனால் இந்தத் தொழிற்சாலையில் இவ்வளவு பக்தியை யாரும் பார்த்ததில்லை. போன வாரத்திலிருந்து பெண்கள் ஒவ்வொருவராகக் கல்லாப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியும் ஊறிய முட்டைக்கோஸுமாக மூலையில் உட்கார்ந்து, கண்ணைத் தாழ்த்திச் சாப்பிட்டார்கள். கல்லாவில் இருக்கும் வெட்டூட்சா, பாதிரியாரே வந்து பார்க்கவேண்டிய அதிசயம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வரிசையில் அன்று பெரும்பாலும் ஆண்கள்தான். அக்லாயா தட்டில் ஒரு சோர்பாவை வாங்கினாள். இறைச்சி உருண்டை மிதக்கும் புளிப்புச் சூப். மேலே தழை தூவி, ஆவி பறந்தது. அவளுக்குப் பின்னால் டூடோரெல் தன் தட்டோடு நின்றான்.

போனை மெஷின்மேல் வைத்தாள். இருட்டு. திருப்பி வைத்தாள். இருட்டு.

"மேல் பக்கத்தைக் காட்டுங்க," என்றான் டூடோரெல்.

"காட்டிட்டேன்டா."

"கொஞ்சம் தள்ளி..."

"அக்லாயா, சூப்பு ஆறுது. உனக்கும் நோன்பு வந்துடுச்சா?" என்றாள் வெட்டூட்சா. குரலில் கேலி இருந்தது. ஆனால் அவள் கண் அக்லாயாவின் முகத்தைப் பார்த்ததும் கேலி நின்றுவிட்டது. போன இலையுதிர்காலத்திலும் அவள் இதே கல்லாவில்தான் இருந்தாள். இருட்டான மெஷினுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும்.

இத்தாலி, தங்கை, குளியலறை, யாரோ ஒருவருடைய ஈரமான முதுகு எல்லாம் ஒன்றாக அக்லாயாவின் கண்முன் வந்தன. கடைசியாக ஒருமுறை என்று போனைத் தூக்கினாள். பசையும் வியர்வையும் கலந்த விரல்களிலிருந்து அது நழுவி, பின்னால் இருந்த டூடோரெலின் சூப்புக்குள் தலைகுப்புற விழுந்தது.

"என் சூப்பு!"

"என் போனு!"

வெட்டூட்சாதான் முதலில் அசைந்தாள். கரண்டியால் போனை அள்ளி எடுத்து, "கவருக்குள்ள எல்லாம் சூப்பு போயிடுச்சு," என்று சொல்லிக்கொண்டே கவரை உரித்துப் போட்டாள். மர்த்சிஷோர் தரையில் விழுந்தது. மாதம் முடியுமுன் விழுந்துவிட்டதே என்று அக்லாயா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். வெட்டூட்சா ஏப்ரனால் போனை அழுத்தித் துடைத்து, மறுபக்கம் துடைக்கக் கல்லா மெஷின்மேல் வைத்தாள்.

டிங்.

பச்சை விளக்கு. போனின் ஓரத்திலிருந்து ஒரு கேரட் துண்டு மெதுவாக நழுவியது.

"பசிச்சிருக்கு பாவம்," என்றாள் வெட்டூட்சா. "சூப்பு உள்ள போனதும் தெம்பு வந்துடுச்சு."

அப்போதுதான் மூலையிலிருந்து ஸ்மரண்டா ஓடிவந்தாள். நோன்பையும் ரொட்டியையும் மேஜையிலேயே போட்டுவிட்டு, தன் போனை நீட்டி, "அக்கா, என்னோடதும் வேலை செய்யலக்கா. அதையும் சூப்புல போடட்டுமா?" என்றாள். சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டாள்.

அவள் நிஜமாகவே போட்டுவிடுவாள் என்று பயந்து டூடோரெல் சூப்புக் கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டான். பிறகு தரையில் கிடந்த தகர இதயத்தைப் பார்த்தான். எடுத்து, அக்லாயாவின் போனுக்குப் பின்னால் ஒட்டி மெஷினில் வைத்தான். இருட்டு. இதயத்தை எடுத்தான். டிங்.

"ஐயோ, ரெண்டு சூப்புக் காசு போச்சு!" என்று கத்தினாள் அக்லாயா.

"ஒண்ணு என்னோடது," என்றான் டூடோரெல்.

அக்லாயாவுக்குச் சிரிப்பு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஸ்மரண்டாவைக் கட்டிப்பிடித்து, அவள் தலைமேல் சிரித்தாள். பிறகு பெஞ்சுமேல் ஏறி நின்று, மூலைகளைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "அடியே பக்தைங்களா! எல்லாரும் இதயத்தைக் கழட்டுங்கடி! நம்மள யாரும் தூக்கல! தகரம்டி, தகரம்!"

ஒரு மேஜையில் கவர் கழலும் சத்தம் கேட்டது, இன்னொரு மேஜையில், அதற்கடுத்ததில். ஒவ்வொருத்தியும் தான் ஒருத்திதான் என்று நினைத்து, ராத்திரியெல்லாம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள். பெண்கள் முட்டைக்கோஸை விட்டுவிட்டு வரிசைக்கு ஓடிவந்தார்கள். டிங், டிங் என்று கல்லா கோயில் மணியாக ஒலித்தது. ஒருத்தி மெஷினுக்கு முத்தம் கொடுத்தாள்.

"நோன்பு என்னாச்சு?" என்று வெட்டூட்சா இடுப்பில் கை வைத்தாள். "உங்களுக்காக நான் பீன்ஸ் மசியல் கிண்டிக் கிண்டி கை வீங்கிப்போய் நிக்கிறேன்!"

"உருண்டை ரெண்டு சேர்த்துப் போடு. கடவுள்கிட்ட நாங்க பேசிக்கிறோம்," என்றாள் வரிசையில் ஒருத்தி.

பலகைகளுக்குத் திரும்பியபோது பாட்டே வந்துவிட்டது. மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்து, இன்றைக்கு யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். டேப் வழக்கத்தைவிட வேகமாகக் கிழிந்தது. அக்லாயா மனதுக்குள் தன் ஆப்பிள் மரங்களின் அடிப்பாகத்துக்கு வசந்தகாலச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள்.

வேலை முடிந்து எல்லோரும் வெளிவாசலுக்கு வந்தார்கள். செம்புத் துண்டு திருடிப் போகிறார்களா என்று பார்க்க அங்கே உலோகத்தைக் கண்டால் அலறும் ஒரு நிலைச்சட்டம் உண்டு. போனைத் தட்டில் வைத்துவிட்டு அதற்குள் நடந்துபோகவேண்டும். அக்லாயா போனை வைத்துவிட்டு நடந்தாள். சட்டம் அலறியது.

"பையில என்ன?" என்றான் காவலாளி.

நேற்றுவரை போனோடு தட்டில் போய்க்கொண்டிருந்த தகர இதயத்தை அவள் கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். "இதான். நீங்க குடுத்தது. மார்ச் ஒண்ணுக்கு."

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கம்பெனி பேர் போட்ட உலோகம். வெளிய எடுத்துட்டுப் போகச் சீட்டு வேணும்."

"பரிசுக்குச் சீட்டா? உங்க டைரக்டர் தன் கையால குடுத்தாருப்பா."

"எனக்குச் சொன்னதை நான் செய்யறேங்க்கா. கையை விரிங்க."

அவள் கையை விரித்தாள். பின்னால் ஸ்மரண்டா நடந்தாள், சட்டம் அலறியது. அடுத்தவள் நடந்தாள், அலறியது. பெண்கள் முதலில் சிரித்தார்கள். "இதயம் இருக்கறவங்களை வெளிய விட மாட்டாங்களாம்டி!" என்று யாரோ கத்த, வரிசையே குலுங்கியது. அதற்குள் கிராமங்களுக்குப் போகும் பஸ் வெளியே ஹாரன் அடித்து, கொஞ்சம் காத்திருந்துவிட்டு, அவர்கள் இல்லாமலே கிளம்பியது.

ஈரக் காற்று அடித்தது. காவலாளி உலோகம் தேடும் கைக்கருவியால் ஒவ்வொருத்தியின் விலாவையும் இடுப்பையும் தடவிக்கொண்டே வந்தான். பெண்கள் இரண்டு கைகளையும் அகல விரித்து, சுவரோரமாக நின்றிருந்தார்கள். மேஜைமேல் அட்டைப்பெட்டியில் தகர இதயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன.