படியாத கரி

இசக்கித்துரையின் உடலைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் தெருமுனை திரும்பியதும், வீட்டிலிருந்த தண்ணீரையெல்லாம் கொட்டும் வேலையை அவனைப் பெற்ற பார்வதியம்மாளே எடுத்துக்கொண்டார். சாவு விழுந்த வீட்டில் பழைய தண்ணீர் ஒரு சொட்டும் இருக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். நீங்கள் உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பக்கத்து வீட்டுக் கோமதியம்மாள் வாளியைப் பிடுங்கப் பார்த்தாள்.

"கைய சும்மா வச்சிருந்தா நெஞ்சு வெடிச்சிரும். விடு" என்றார் பார்வதியம்மாள்.

குடம், அண்டா, கேன் தண்ணீர் எல்லாம் கொல்லைக்குப் போயின. அப்புறம் பிரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

சுவரோரம் கிடந்த முத்துமாரி அந்தச் சத்தத்துக்குத் துள்ளி எழுந்தாள். புருஷன் பின்னாலேயே ஓடப் போகிறாள் என்று நினைத்து நாலு பெண்கள் அவளை இழுத்து உட்கார வைத்தார்கள்.

"சுடுகாட்டுக்குப் பொம்பள போகக் கூடாதுட்டி. இரி, இரி" என்று கோமதியம்மாள் தோளை அமுக்கினாள்.

அழுது அழுது முத்துமாரிக்குத் தொண்டை கட்டியிருந்தது. அடுக்களைப் பக்கம் கையை நீட்டினாள். ஒருவருக்கும் விளங்கவில்லை. அவர்கள் பிடியைத் தளர்த்தியபோது, கொல்லைச் சாக்கடையில் மை கொட்டியது போல ஒரு கறுப்பு ஓடி முடிந்திருந்தது.

இசக்கித்துரை ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் வேதியியல் வாத்தியார். பென்சிலில் இருக்கிற கரியை ஒரே ஓர் அணு கனத்துக்குத் தகடு தகடாக உரித்தால் அதற்குக் கிராபீன் என்று பெயர். மின்சாரம் அதில் நன்றாக ஓடும். ஆனால் தண்ணீரோடு அதற்கு ஆகாது. ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். சோப்பு மாதிரி மருந்து போட்டால் கலக்கலாம். அவன் செய்ய நினைத்ததோ இதய நோயாளிகளின் நெஞ்சில் ஒட்டித் துடிப்பை அளக்கிற பட்டைக்கான மை. அதில் சோப்பு வேண்டாம், உயிருள்ளதிலிருந்து வருகிற புரதமே போதும் என்பது அவன் எண்ணம். மாட்டு இரத்தப் புரதத்தை வாங்கிச் செய்கிறவர்கள் உண்டு. அதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் அம்மா தன்னையும் சேர்த்து வெளியே தள்ளிவிடுவாள் என்று சிரித்துவிட்டு, முட்டை வெள்ளைக்கரு போதும் என்று முடிவு செய்தான்.

முட்டைக்கும் சண்டைதான். பார்வதியம்மாள் முட்டை தொடாதவர். கல்லூரிக்கு விடுமுறை வரும்போதெல்லாம் ஆய்வுக்கூடத்து மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். குளிர் இல்லாவிட்டால் புரதம் நாறிவிடும். அதனால் கரி கலந்த குப்பிகள் வீட்டு பிரிட்ஜுக்கு வந்தன. என் தயிருக்குப் பக்கத்தில் வைக்காதே என்று அவர் சொல்ல, உள்ளே அடித்தட்டு அவனுக்கு ஒதுக்கப்பட்டது. வெள்ளையைப் பிரித்துக் கொடுத்தவள் முத்துமாரி. மிஞ்சிய மஞ்சள் கருவெல்லாம் கோமதியம்மாள் வீட்டுக்குப் போனது. அவள் புருஷன், இந்த வாத்தியார் கோழிக்குப் பாதி முட்டை போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறாரா என்று கேலி செய்வான்.

முட்டை எப்படிக் கரியைத் தாங்கும் என்று முத்துமாரி ஒருநாள் கேட்டாள்.

"அம்மைக்கும் ஒனக்கும் நடுவுல நான் நிக்கம்லா, அது மாதிரிதான். ஒரு கை கரியப் பிடிச்சிக்கிடும், ஒரு கை தண்ணியப் பிடிச்சிக்கிடும்."

"நீங்க எங்கன நடுவுல நிக்கிய? எப்பவும் அத்தை பக்கம்லா சாஞ்சி கிடக்கிய" என்றாள் அவள்.

ஆறு மாதம் ஆடாமல் அசையாமல் வைத்தும் கரி படியாதிருக்க வேண்டும். அதன் பிறகு திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் இயந்திரத்தில் வைத்து அளந்தால் ஆராய்ச்சிப் பத்திரிகைக்குக் கட்டுரை போகும். அதுவரை வந்த கட்டுரைகளில் அவன் பெயர் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோதான் இருந்தது. இதில்தான் முதலில் வரும். முத்துமாரி பால் எடுக்கப் போகும்போதெல்லாம் குனிந்து குப்பியின் அடியைப் பார்ப்பாள். திங்கட்கிழமை திருநெல்வேலி போவதாக இருந்தான். வெள்ளிக்கிழமை கரிவலம் ரோட்டில் லாரி மோதிவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள் வாசுதேவநல்லூரிலிருந்து காவியா வந்தாள். அவனிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தவள். அழுதாள், பார்வதியம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எதையோ கேட்க வந்து தயங்குகிறாள் என்று முத்துமாரிக்குத் தெரிந்தது. கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போய், கேட்பதற்கு முன்பே நடந்ததைச் சொன்னாள்.

காவியா துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் மாதம் வரைக்கும் அளந்தது இருக்கிறது, கடைசி அளவு இல்லாமல் அனுப்பினால் திருப்பிவிடுவார்கள் என்றாள்.

"நான் தெனமும் பாத்தேன் காவியா. அவிய போன அன்னிக்குக் காலையிலயும் பாத்தேன். அடியில ஒரு பொட்டுக் கரி இல்ல. நான் பாத்தேன்னு எழுதுனா ஏத்துக்க மாட்டாவளா?"

"கண்ணால பாத்தது செல்லாதுக்கா. மெஷின்தான் சொல்லணும்."

"பொண்டாட்டி சொன்னாலுமா?"

காவியா மெதுவாக, புதிதாகச் செய்யலாம் என்றாள். மறுபடி முதலிலிருந்து உரிக்க வேண்டும், கலக்க வேண்டும், ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ஆனால் செய்கிறவர் பெயர்தான் முதலில் வரும். ஸார் பெயர் பின்னால், இறந்துவிட்டார் என்கிற குறியோடு வரும்.

அதற்குள் பார்வதியம்மாள் கொல்லை வாசலுக்கு வந்துவிட்டார்.

"இசக்கி குப்பியக் கேட்டா வந்திருக்கா இந்தப் பிள்ள? அந்தக் கறுத்த தண்ணியவா?"

காவியா வாயைத் திறந்தாள். முத்துமாரி அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"குப்பியத்தான் கேக்கா அத்தை. தண்ணி எப்பவோ கெட்டுப்போச்சி. கொட்டணும், கொட்டணும்னு அவியளே சொல்லிக்கிட்டுக் கெடந்தாவ."

"நான் கொட்டிட்டேனே. தப்பு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல."

பார்வதியம்மாள் யோசித்தார். "கெட்டதுன்னா முட்டை நாறுமே. ஒரு வாடையும் இல்லையேட்டி. அடியில கசடுகூட இல்ல, அப்படியே வழுக்கிக்கிட்டு ஓடிச்சி."

முத்துமாரிக்கு முகம் ஒருகணம் மலர்ந்து, உடனே கோணிற்று.

"அழுது அழுது ஒங்களுக்கு மூக்கு அடைச்சிருக்கும் அத்தை."

"இருக்கும்" என்றார் பார்வதியம்மாள். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த குப்பிகளை எடுத்து வந்து, உடைத்துவிடாதே என்று சொல்லிக் காவியாவிடம் கொடுத்தார்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் முத்துமாரி துணைக்குப் போகக் கூடாது, துக்கக்காரி. தெருவாசலோடு நின்றாள்.

"நான் செய்யட்டுமாக்கா?"

"செய்யி. ஒன் பேரையே முன்னால போடு. அவிய பேரு எங்கன வந்தாலும் சரி." சொல்லிவிட்டு உள்ளே திரும்பிப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "ஆனா அச்சானதும் அத இந்த வீட்டுக்குக் கொண்டாராத. எவளாவது வாசிச்சி, கொட்டுனது என்னன்னு அத்தைக்குச் சொல்லிருவா."