மடிப்புக் கலையாத கோட்டு

எனக்குப் பயம்னா என்னன்னே தெரியாதுன்னு எங்க தெருவுல ஒரு பேச்சு உண்டு. சட்டை சுருங்கிப்போச்சுன்னு சண்டைக்கு வந்த ஒரு போலீஸ்காரரை, கடை வாசல்லயே நிக்க வெச்சு இடுப்பைச் சுத்தி டேப்பைப் போட்டு, "சட்டை சுருங்கல சார், வயிறுதான் வளந்திருக்கு"ன்னு சொல்லி அனுப்பினவ நான். அப்படிப்பட்டவளுக்கு, தினம் ஏறி இறங்குற மாடிப்படியைப் பாத்தாலே பயம் வர ஆரம்பிச்சுது.

முதல்ல பாதிப் படியில நின்னு மூச்சு வாங்கினேன். வயசாகுது, உடம்பு போட்டிருக்குன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். அப்புறம் தையல் மெஷினை மிதிச்சாலே நெஞ்சு தடதடன்னு அடிச்சுக்கிச்சு. மல்லாந்து படுத்தா யாரோ மேல ஏறி உக்காந்த மாதிரி மூச்சு முட்டுச்சு. ரெண்டு தலகாணி, அதுவும் போதாம சுருட்டி வெச்ச போர்வைன்னு அடுக்கி, உக்காந்த வாக்குலயே தூங்கப் பழகினேன். வீட்டுக்காரர் லாரியில ஊர் ஊராப் போறவர். அவருக்கு இதெல்லாம் தெரிய வழியில்ல. மகளுக்குத் தெரியாம நான் பாத்துக்கிட்டேன்.

ஏன் மறைச்சேன்னு கேப்பீங்க. அவ டாக்டருக்குப் படிக்கிறா. கடைசி வருஷம். அம்மாவுக்கு ஏதோன்னு காதுல விழுந்தா போதும், படிப்பைத் தூக்கிப் போட்டுட்டு வந்து என் பக்கத்துல உக்காந்துடுவா. ஸ்கூல்ல படிக்கும்போது எனக்கு ஒரு காய்ச்சல் வந்ததுக்குப் பரிச்சைக்கே போகாம கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு நின்ன கழுதை அது. நான் செத்தாக்கூடப் பரவாயில்ல, அவ படிப்பு நின்னுடக் கூடாது. அது ஒண்ணுதான் எனக்குப் பயம்.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு. எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமையானா ஒரு வழக்கம். அவ டாக்டருக்குச் சேந்த வருஷம் நான் ஆரம்பிச்சது. தலைக்குக் குளிச்சுட்டு மெஷின் ஸ்டூல்ல உக்காந்துப்பேன். அவ ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கிட்டு என் நெஞ்சுலயும் முதுகுலயும் வெச்சுக் கேக்கணும். அவ அப்பா ஊருல இருந்தா அவருக்கும் உண்டு. ஜாக்கெட் தைக்க வந்தவங்களைக்கூட, "இரு இரு, டாக்டரு இருக்கா, ஒரு தடவை காட்டிட்டுப் போ"ன்னு இழுத்து உக்கார வெச்சிருக்கேன். அவ வேணாம்மான்னு சிணுங்குவா. நான் விட்டாத்தானே. வெச்சுப் பாத்துட்டு, "சூப்பரா இருக்கும்மா, குதிரை மாதிரி ஓடுது"ம்பா. எனக்கு அந்த வாரம் பூரா அது போதும். வேற எந்த டாக்டர்கிட்டயும் நான் போனதே இல்ல. வீட்டுல அடுப்பு எரியும்போது பக்கத்து வீட்டுல போயி யாரு சோறு கேப்பாங்க?

மூச்சு வாங்க ஆரம்பிச்ச பிறகும் ஞாயித்துக்கிழமை தவறாம வெச்சுப் பாத்தா. "சூப்பரா இருக்கும்மா." ஆனா இப்பெல்லாம் குதிரைன்னு சொல்றதில்ல. என் கண்ணையும் பாக்கிறதில்ல. கருவியைச் சட்டுனு எடுத்துடுறா. அங்கதான் நான் உஷாரானேன். இவளுக்கு என்னமோ கேட்டிருக்கு. அம்மா தாங்க மாட்டான்னு மறைக்கிறா.

சந்தேகம் வந்துட்டா அப்புறம் எல்லாமே சாட்சி சொல்லும். அவ போடுற வெள்ளைக் கோட்டு நான் தைச்சது. தினமும் நானே துவைச்சு இஸ்திரி போட்டு மடிச்சு அவ பையில வெப்பேன். முன்னெல்லாம் அது சாயங்காலம் வரும்போது கண்ணால பாக்க முடியாது. பாக்கெட் தொங்கிப்போயி, முழங்கையில கசங்கி, பேனா மை, மருந்து வாடைன்னு போர்க்களத்துலருந்து வந்த மாதிரி வரும். இப்பக் கொஞ்ச நாளா, நான் காலையில வெச்ச மடிப்பு அப்படியே இருக்கு. கேட்டேன். "புது வார்டும்மா, உள்ள போனா வேற டிரெஸ் குடுக்கிறாங்க"ன்னா. படிச்சவ சொல்றா, கேட்டுக்கிட்டேன். ஆனா சாப்பாடு பாதி அப்படியே திரும்பி வருது. கண்ணு உள்ள போயிடுச்சு. எனக்கு வந்திருக்கிறது சாதாரண வியாதி இல்ல, அதை நினைச்சுத்தான் புள்ள உருகுதுன்னு முடிவு கட்டிட்டேன்.

சரி, என்னன்னு தெரிஞ்சுக்கிட்டாவது சாவோம். அவ காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போனா, "உங்கம்மா வந்திருந்தாங்களே"ன்னு எவளாவது போட்டுக் குடுத்துடுவா. அதனால ஊருக்கு அந்தக் கோடியில இருக்கிற இன்னொரு பெரியாஸ்பத்திரிக்கு, பஸ் மாறிப் போனேன். வீட்டுல சொன்னது, லைனிங் துணி வாங்கப் போறேன்னு.

டோக்கன் போட்டுட்டு ஹாலுக்குள்ள போனேன். வரிசை வரிசையா பிளாஸ்டிக் நாற்காலி. மேல ஒரு டப்பாவுல சிவப்பு விளக்குல நம்பர் மாறிக்கிட்டே இருந்துச்சு. எக்ஸ்ரே கவரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் தூங்குறாரு, ஒரு குழந்தை வீல்னு கத்துது, அதட்டுற அம்மாவுக்கு அதைவிட பெரிய குரல். கடைசி வரிசையில உக்காந்து மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முன்னால பாத்தேன்.

முன்னாடி ரெண்டு வரிசை தள்ளி, ஒரு நாற்காலிக்குக் கீழ ஒரு நீலப் பை. பழைய ஜீன்ஸை வெட்டித் தைச்சது. காது பிஞ்சு வந்தப்ப நான் சிவப்பு நூல்ல அழுத்தித் தைச்சுக் குடுத்தது. என் தையலை எனக்குத் தெரியாதா? நாற்காலியில முதுகைக் காட்டிக்கிட்டு என் மக.

முதல்ல சந்தோஷப்பட்டேன் பாருங்க, இங்கதான் வேலை குடுத்திருக்காங்க போலன்னு. அப்புறம்தான் உறைச்சுது. வேலைக்கு வந்தவ எதுக்கு நோயாளிங்க நாற்காலியில உக்காந்திருக்கா? கையில டோக்கன் வேற.

என் உசுரு அப்பவே போயிடுச்சு. கோட்டு மடிப்பு, திரும்பி வந்த சாப்பாடு, உள்ள போன கண்ணு, எல்லாம் வேற கணக்குல வந்து நின்னுச்சு. நோவு எனக்கு இல்ல. அவளுக்கு. கடவுளே, என் குட்டிக்கு என்ன? என்னை எடுத்துக்கோ, என்னை எடுத்துக்கோன்னு வாய் முணுமுணுக்குது. நாற்காலி நாற்காலியாப் பிடிச்சுக்கிட்டு முன்னால போனேன்.

"குட்டி."

நிமிந்து பாத்தவ முகம் பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. எழுந்த வேகத்துல பை சரிஞ்சு, கோட்டு வெளிய வந்து விழுந்துச்சு. மடிப்புக் கலையாம.

"அம்மா? நீ எங்க இங்க?"

"லைனிங் துணி வாங்க வந்தேன்."

"ஆஸ்பத்திரியிலயா?"

"அதை விடுடி. உனக்கு என்ன? என்ன வியாதியா இருந்தாலும் சொல்லிடு. நான் தாங்கிப்பேன். மறைக்காத."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா."

"அப்ப எதுக்கு டோக்கன்?"

"டோக்கன் இல்லாம உக்காந்திருந்தா செக்யூரிட்டி எழுப்பி விட்டுடுவாரு" அப்படின்னா, சின்னக் குரல்ல.

எனக்கு ஒண்ணும் விளங்கல. அவ என்னைப் பிடிச்சு உக்கார வெச்சா. தரையைப் பாத்துக்கிட்டே சொன்னா. காலேஜுக்குப் போறதில்லயாம். ஒரு வருஷம் படிப்பை நிறுத்தி வைக்கிறேன்னு எழுதிக் குடுத்துட்டாளாம், மழை ஆரம்பிச்சப்பவே. தினம் காலையில கிளம்பி இங்க வந்து உக்காந்துட்டு சாயங்காலம் வீட்டுக்கு வர்றாளாம். இங்கன்னா, எதுக்கு உக்காந்திருக்கன்னு யாரும் கேக்க மாட்டாங்களாம்.

வியாதி இல்லன்னு போன உசுரு திரும்பி வந்த வேகத்துலயே எனக்குக் கோவம் தலைக்கு ஏறிடுச்சு. "அடிப்பாவி! நான் தினம் தினம் இஸ்திரி போட்டுக் குடுக்கிறேன், நீ அதைச் சுமந்துக்கிட்டு வந்து இங்க குந்திட்டுப் போறியா? யாரைக் கேட்டுடி நிறுத்தின? கடைசி வருஷத்துல எவளாவது..." மூச்சு நின்னுடுச்சு. மேல பேச வரல. தூங்குன எக்ஸ்ரேகாரர் முழிச்சுப் பாத்தாரு.

"எனக்குக் கேக்கலம்மா" அப்படின்னா.

"என்ன கேக்கல?"

"ஸ்டெதாஸ்கோப்புல. ஒரு பேஷண்ட் நெஞ்சுல சார் வெச்சுக் கேட்டுட்டு, எல்லாரும் வந்து கேளுங்கம்பாரு. வரிசையில ஒவ்வொருத்தரா வெச்சுப் பாத்துட்டு, 'கேக்குதா?'ன்னா, 'கேக்குது சார்'னு சொல்லிட்டுப் போவாங்க. எனக்கு லப்டப்தான் கேக்கும். கோளாறு இருந்தா வரும்னு அவரு சொல்ற அந்த இன்னொரு சத்தம் கேக்கவே கேக்காது. எல்லாருக்கும் கேக்குது, எனக்கு மட்டும் கேக்கலன்னு எப்படிச் சொல்றது? நானும் கேக்குதுன்னு சொன்னேன். அப்படியே வருஷக்கணக்கா சொல்லிட்டேன். ஒருநாள் ஒரு ஆளோட நெஞ்சைப் போயிக் கேட்டுட்டு வான்னு என்னைத் தனியா அனுப்புனாங்க. நல்லா இருக்குன்னு வந்து சொன்னேன். கொஞ்ச நேரத்துல அவரைத் தூக்கிக்கிட்டு ஓடுனாங்க. சரியா கேட்டியான்னு எல்லார் முன்னாடியும் சார் கேட்டாரு. அப்பவும் கேட்டேன் சார்னுதான் சொன்னேன். அந்த ஆள் பொழைச்சுட்டாரு. ஆனா என்னால பொழைக்கல. அதுலருந்து அந்த வார்டு வாசல்ல போயி நின்னாலே கை நடுங்குது."

நான் அவ கையையே பாத்துக்கிட்டிருந்தேன். இப்பவும் நடுங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. கீழ கிடந்த கோட்டை எடுத்து என் மடியில வெச்சுக்கிட்டேன்.

திடீர்னு அவ நிமிந்தா. "நீ எதுக்கும்மா வந்த?"

"சும்மா... கொஞ்சம் மூச்சு வாங்குது."

அவ்வளவுதான். அவ மூஞ்சியில இருந்த கொஞ்ச நஞ்ச ரத்தமும் இறங்கிடுச்சு. "எத்தனை நாளா? மாடி ஏறுனா மட்டுமா, சும்மா இருந்தாலுமா? மல்லாந்து படுக்க முடியுதா? அந்தப் போர்வையை அதுக்குத்தான் சுருட்டி வெச்சியா? கால் வீங்குதா?" குனிஞ்சு என் கணுக்கால்ல விரலை வெச்சு அழுத்திப் பாத்தா. அழுத்துன இடம் குழியா நின்னுச்சு. அதையே பாத்துக்கிட்டு உக்காந்துட்டா.

"இதையெல்லாம் ஞாயித்துக்கிழமை ஏண்டி கேக்கல?"

"கேட்டா நீ ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சும்மா."

என் நம்பர் வந்துச்சு.

உள்ள ஒரு டாக்டர், சின்ன வயசு, தூங்கி நாளான கண்ணு. படுக்க வெச்சு, ஒருக்களிக்க வெச்சு, நெஞ்சுல ஒரே இடத்துல ரொம்ப நேரம் வெச்சிருந்தாரு. "வால்வுல கோளாறு இருக்கிற மாதிரி சத்தம் வருதும்மா. எக்கோ ஸ்கேன் எடுத்துப் பாத்துடுவோம்"னாரு. சரிங்கன்னேன். உண்மையைச் சொல்லணும்னா எனக்கு ஒண்ணும் உறைக்கல. யாரோ ஒரு பையன், என்னமோ சொல்றான், அவ்வளவுதான். மகளைப் பாத்தேன். சுவரோட ஒட்டிக்கிட்டு, வாயைக் கையால பொத்திக்கிட்டு நின்னா.

"டாக்டர், இவளும் டாக்டருக்குப் படிக்கிறா. ஒரு தடவை வெச்சுப் பாக்கட்டும்"னேன்.

"அம்மா, வேணாம்மா. ப்ளீஸ்."

"வாடி இங்க. எத்தனை ஞாயித்துக்கிழமை கேக்காமயே நல்லா இருக்குன்னு சொல்லியிருப்ப? இன்னைக்குக் கேட்டுச் சொல்லு. கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லு. உன்னை யாரும் கடிச்சுத் தின்னுட மாட்டாங்க."

டாக்டர் அவளையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, கழுத்துல இருந்ததைக் கழட்டிக் குடுத்தாரு. அவ மாட்டிக்கிட்டா. என் நெஞ்சுல வெச்ச கை அப்படி நடுங்குச்சு. கண்ணை மூடிக்கிட்டா. நேரம் போச்சு. டாக்டர், "கேக்குதா?"ன்னாரு.

அவ என் கண்ணைப் பாத்தா. எத்தனையோ நாளைக்கப்புறம் பாத்தா. அப்புறம் அவர் பக்கம் திரும்பி, "கேக்கல சார்"னா.

எனக்கு என்னமோ பெரிய பாரம் இறங்குன மாதிரி இருந்துச்சு. பாத்தீங்களா, என் பொண்ணுக்கே கேக்கல, அப்ப ஒண்ணும் இருக்காதுன்னு மனசு ஒரு குதி குதிச்சுது. பழக்கதோஷம்.

"இன்னும் கொஞ்சம் வெளிப்பக்கமா வைங்க. லேசா வைங்க, அழுத்தாதீங்க" அப்படின்னாரு டாக்டர். "அம்மா, மூச்சை முழுசா விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க."

விட்டேன். நிறுத்துனேன். அறையில ஃபேன் சத்தம் மட்டும்தான். அவ முகத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். புருவம் சுருங்குச்சு. அப்புறம் கண்ணு மெல்லத் திறந்துச்சு. கை நடுக்கம் நின்னு போச்சு. வார்டு வார்டாத் தேடியும் கிடைக்காத சத்தம் அது, என் நெஞ்சுக்குள்ள இருந்திருக்கு.

"என்னடி?"

அவ கண்ணுலருந்து பொலபொலன்னு கொட்டுச்சு, துடைக்கக்கூட இல்ல. கருவியை எடுக்கவும் இல்ல.

"சொல்லேண்டி."

"கேக்குதும்மா."

டாக்டர் சொன்னதை நான் நம்பவே இல்ல. இவ சொன்னதும் நம்பிட்டேன். அப்பதான் எனக்குக் கை காலெல்லாம் வெடவெடன்னு ஆட ஆரம்பிச்சுது.