பன்னிரண்டு எலிகளும் நான்கு அமாவாசைகளும்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கரமனை வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: பகவதிப்பெருமாள் ஆகிய நான், என் மனைவி முத்தாரம்மாள், என் மகள் ஸ்ரீப்ரியா, காலஞ்சென்ற என் தம்பியின் மகன் சொரிமுத்து. ஐந்தாவது ஆள் கிடையாது. கூட இருந்து பார்த்ததாகச் சாலைக் கடைத்தெருவில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஸ்ரீப்ரியா ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். குடலில் கட்டி வரும் பிறவிக்குணம் உள்ள சுண்டெலிகளை வளர்க்கிறார்கள். ஒரு வரிசைக்குச் சாதாரணத் தீவனம். ஒரு வரிசைக்குக் கொழுப்புத் தீவனம். அவை பெருத்துக் கிடக்கும், கட்டியும் அதிகம் வரும். மூன்றாவது வரிசைதான் அவளுடையது. பன்னிரண்டு எலிகளை முதலில் கொழுக்க வைத்து, பிறகு அளந்த தீவனம் மட்டும் கொடுத்து மெலிய வைக்கிறாள். மெலிந்தால் கட்டி குறையுமா என்பது கேள்வி.

என் தம்பி பெருத்த உடம்புக்காரன். குடல் புற்றுநோயில் போனான். வெளியே 'வயிற்றுக் கோளாறு' என்றே சொல்லி வைத்தோம். அவள் இந்த ஆராய்ச்சியை எடுத்தது அவனுக்காகத்தான்.

சொரிமுத்துவை அங்கே எலிக்கூடு பார்க்கும் வேலையில் சேர்த்தது நான். தலைவர் டாக்டர் ராகேல் முன்னால் நின்று, "எங்க வீட்டுப் பிள்ளை, நான் பொறுப்பு" என்று சொன்னேன். அதற்கு முன் யாரிடமும் போய் நின்றவனில்லை நான்.

அன்று சாப்பாட்டின்போது ஸ்ரீப்ரியா கைபேசியைப் பார்த்தபடி புலம்பினாள்.

"மெலியுற எலிகளுக்கு மாசம் ஒருக்கா எடை ஏறுது அப்பா. தராசை ரெண்டு தடவை மாத்தியாச்சு. எல்லாம் சரியாத்தான் இருக்கு. யோசிச்சு யோசிச்சுக் கிறுக்குப் பிடிச்ச மாதிரி எனக்கு வட்டாயிப் போச்சு."

"எந்தத் தேதிம்மா?" என்றாள் முத்தாரம்மாள், அப்பளத்தை வைத்துக்கொண்டே.

அவள் நான்கு தேதிகளைச் சொன்னாள். முத்தாரம்மாள் சுவரில் தொங்கிய நாட்காட்டியைத் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாம் அமாவாசைக்க மறுநாளில்லா!"

சொரிமுத்துவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"என்னடே?" என்றேன்.

"பெரியப்பா, கோவப்படக் கூடாது. அப்பாவுக்குத் தர்ப்பணம் செஞ்சா, அன்னைக்கு நம்ம கையைப் பாத்து நிக்குற ஒரு சீவனும் பட்டினி கெடக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லுவிய? மத்த எலிக்கெல்லாம் வயிறு நெறைய இருக்கு. இந்தப் பன்னிரண்டும் கம்பியைக் கடிச்சிட்டு என்னையே பாக்கு. பாவமல்லே? அதான் ஆளுக்கொரு துண்டு வடை..."

"வடையா!" ஸ்ரீப்ரியா எழுந்துவிட்டாள். "நாலு மாசமா? எண்ணெய் வடையா அண்ணே?"

"வீட்டு வடைதாம் மோளே. சுத்தமான தேங்காயெண்ணெய்."

"எது எவ்வளவு தின்னுது?"

"அதை யாரு பாத்தா? நான் கண்ணை மூடி அப்பாவை நெனச்சிட்டு நின்னேன்."

முத்தாரம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று நான் பார்க்கவில்லை.

"இது இந்தச் சுவத்துக்குள்ளேயே கெடக்கட்டும்" என்றேன். "பேரு போயிரும்."

"அப்பா, அந்த எலிகளை அப்படியே எழுதினா, மெலிஞ்சாலும் பிரயோஜனம் இல்லைன்னு தப்பா வரலாம். சித்தப்பா மாதிரி எத்தனை பேரு அதை நம்புவாங்க? நான் சொல்லத்தான் போறேன். எனக்க வேலை போனாலும் சரி."

அவளுக்கு என் பிடிவாதம். அதையும் சேர்த்துத்தான் அவள்மேல் கோபம் வந்தது. சோற்றில் பாதியை அப்படியே விட்டு எழுந்தேன். ஒரு வடைத் துண்டுக்காக என் குடும்பத்தின் பெயர் இவ்வளவு தாழவேண்டுமா என்று மாலைவரை அறைக்குள் நடந்தேன். ஆனால் பொறுப்பு என்று சொன்னவன் நான். அவளைத் தனியாக அனுப்பினால் அந்தச் சொல்லுக்கு என்ன விலை?

திங்கட்கிழமை வேட்டியும் சட்டையும் தேய்த்து உடுத்துக்கொண்டு, பிள்ளைகள் இருவரையும் ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் ராகேல் என் மகளைவிடப் பத்து வயது மூத்தவர். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"உங்க எலிக்கு வடை கொடுத்தது எங்க வீட்டுப் பையன். அவனுக்கு அந்த வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தது நான்" என்றேன்.

அவர் அந்தப் பன்னிரண்டு எலிகளையும் கணக்கிலிருந்து நீக்கினார். காரணத்தை ஸ்ரீப்ரியாவே தன் கைப்பட எழுதிக் கையொப்பமிட்டாள். சொரிமுத்துவைத் தீவனம் பக்கமே விடாமல் கூடு கழுவும் இடத்துக்கு மாற்றினார். அதற்கும் அவன் கும்பிடு போட்டான். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

ஸ்ரீப்ரியாவைத் திருட்டுக் கணக்கு எழுதியதற்காக வேலையை விட்டுத் துரத்திவிட்டார்கள் என்று சாலைக் கடைகளில் பேசுகிறார்கள். துரத்தவில்லை. புதிய எலிகள் பன்னிரண்டு வந்துவிட்டன. அவற்றை முதலிலிருந்து கொழுக்க வைத்துக்கொண்டிருக்கிறாள்.