அரையிலை வீடு

விழிதியூரில் சுப்பையன் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அரையிலை வீடு என்றால் நாய்கூட வழி காட்டும். பெயர் வைப்பதில் எங்கள் ஊருக்கு அப்படி ஒரு கொழுப்பு.

சுப்பையனின் தாத்தா ஒரு கல்யாணப் பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டார். வெற்றிலை பாக்கு வைத்து அவரை யாரும் அழைக்கவில்லை. பசி, போய்விட்டார். ரசம் வருவதற்குள் கல்யாண வீட்டுக்காரர் கையைப் பிடித்து எழுப்பி வெளியே விட்டார். பிசைந்த சோறு இலையிலேயே கிடந்தது. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு வேறு பெயரில்லை.

மகள் இளவேனிலுக்கு அம்பகரத்தூரில் வரன் அமைந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் தெருவில் வழி கேட்டிருக்கிறார்கள். ஊர் சும்மா இருக்குமா? மாப்பிள்ளையின் அப்பா சிதம்பரநாதன் உட்கார்ந்ததும் கேட்டார். "அதென்னங்க, அரையிலை வீடு?"

உண்மையைச் சொன்னால் மகள் புகுந்த வீட்டிலும் அரையிலைதான். சுப்பையன் கதையை மாற்றிச் சொன்னார். "எங்க தாத்தா பந்தியில பாதியிலேயே எழுந்துடுவாருங்க. பசியோட நிக்கிறவங்களுக்கு எடம் விடுவாரு."

சிதம்பரநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம் பொய் சொல்லவே கூடாது, அவர்கள் அதை மறப்பதில்லை.

கல்யாணத்தன்று அவரே சுப்பையனை இழுத்து வந்து பக்கத்தில் உட்கார வைத்தார். சாம்பார் சோறு பாதி இறங்கியிருக்கும், மைக்கை வாங்கித் தாத்தாவின் பெருமையைப் பேசினார். "எங்க சம்பந்தி இப்ப அதைச் செஞ்சு காட்டுவாரு. எழுந்திருங்க சம்பந்தி."

மண்டபத்தில் பாதிப் பேர் எங்கள் ஊர்க்காரர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் வேடிக்கை போய்விடுமே. சுப்பையன் எதிர்வரிசையில் இருந்த மகளைப் பார்த்தார். அவள் தலை குனிந்துகொண்டாள். பிசைந்த சோற்றை விட்டுவிட்டு அவர் எழுந்தார்.

அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தவன் நீலமேகம். தாத்தாவை எழுப்பி அனுப்பியவரின் பேரன். பசியும் இல்லை, ஒன்றும் இல்லை. "இந்த இலையை எடுத்துட்டு வேற போடுங்கப்பா" என்றான். எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது.

சிதம்பரநாதன் கைதட்டினார். மண்டபமே தட்டியது. ஈரக்கையோடு நின்ற சுப்பையனை அவர் அணைத்துக்கொண்டார்.

"இனிமே நம்ம வீட்டு விசேஷம் ஒண்ணு விடாம இதைச் செய்யணும் சம்பந்தி. அடுத்தது வளைகாப்பு."