நுனி மடித்த டேப்

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி செய்வது கார் பாகங்கள். படகுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் ஒரு மழையில் ஏரி உடைத்துக்கொண்டு வந்து, செகண்ட் ஷிஃப்ட் ஆட்கள் விடிய விடிய மாடியில் நின்றார்கள். அதற்குப் பிறகுதான் மேலிடத்துக்கு ஞானம் பிறந்து, ரப்பர் படகு ஒன்றும் அதன் பின்னால் மாட்டும் இன்ஜின் ஒன்றும் வாங்கினார்கள். மீட்புக் குழுவில் படகு ஓட்டுவது என் மனைவி ஜெர்சி. அசெம்பிளி லைனில் வேலை செய்தாலும் அவள் பழவேற்காட்டுப் பெண். தண்ணீர் என்றால் அவளுக்குப் பயமே கிடையாது. எனக்கு உண்டு.

திங்கட்கிழமை அந்த இன்ஜின் கிளம்ப மறுத்தது. மறுநாள் காலை மண்ணூர்ப் பக்கத்து ஏரியில் ஒத்திகை. சேஃப்டி ஆபீசர் வைகுந்த் நான் வேலை செய்யும் மெயின்டனன்ஸ் ஷெட்டுக்கே வந்து நின்றார்.

"ஜெபதாஸ், இன்னைக்கே ரெடியாகணும். பெரியவங்கள்லாம் வராங்க."

பேட்டரி பன்னிரண்டரை வோல்ட் காட்டியது. ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் பத்துக்குக் கீழே இறங்கவில்லை. பிளக்கில் மட்டும் பொறி இல்லை. பேட்டரியின் கரண்டை முந்நூறு வோல்ட்டாக ஏற்றிப் பொறியாக விடும் கறுப்புப் பெட்டி ஒன்று உண்டு. எல்லோரும் முதலில் அதைத்தான் குற்றம் சொல்வார்கள். நான் அப்படிப்பட்ட அவசரக்காரன் இல்லை என்று எனக்கு ஒரு பெருமை.

பெட்டியிலிருந்து ஸ்டாப் ஸ்விட்சுக்கு ஒரு வயர் போகும். அது இரும்பில் பட்டால் பொறி அணைந்துவிடும். ஓட்டுபவர் மணிக்கட்டில் கட்டும் சிவப்புக் கயிற்றின் மறுமுனை அந்த ஸ்விட்சில் செருகியிருக்கும். ஆள் தண்ணீரில் விழுந்தால் கயிறு உருவிக்கொண்டு வரும், இன்ஜின் நிற்கும். அந்த வயரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். நீலப் பொறி பளிச்சென்று வந்தது, இன்ஜின் உறுமியது. வயர் எங்கோ உரசித் தோலுரிந்து இரும்பில் பட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் சங்கதி. வைகுந்த் கைதட்டினார். வயர் கழன்று கிடந்ததால் ஸ்விட்சு வேலை செய்யாது; பெட்ரோல் குழாயைப் பிடுங்கித்தான் இன்ஜினை நிறுத்தினேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

கழற்றிய முனைக்கு டேப் சுற்றி, நுனியை ஒரு விரற்கடை மடித்து ஒட்டினேன். என் பழக்கம் அது. பிறகு பிரிப்பவர் நகத்தால் சுரண்ட வேண்டாம். ஜெர்சி வீட்டில் மிக்சி வயரைப் பார்த்தே, "இந்த மடிப்பு நீங்க போட்டதுதான்" என்று சிரிப்பாள்.

வயரை மாற்றி, திரும்ப மாட்ட வேண்டும். அதுவரை யாரும் எடுக்கக் கூடாது என்று இன்ஜினில் சிவப்பு அட்டை தொங்க வேண்டும். கையெழுத்துப் போட்ட அட்டை கையில் இருக்கும்போதே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அது யாருக்காகவும் நிற்காது. காலையில் ஃபர்ஸ்ட் ஷிஃப்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓடினேன். அடுத்த நாள் எனக்கு வார விடுமுறை என்பது பஸ்ஸில்கூட நினைவுக்கு வரவில்லை.

செவ்வாய் காலை எட்டரைக்கு, துவைக்கப் போட்டிருந்த சட்டையை எடுத்து உதறினேன். பையிலிருந்து சிவப்பு அட்டை விழுந்தது.

முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு, விடியற்காலையில் ஷூ மாட்டிக்கொண்டே ஜெர்சி சொன்னது இப்போதுதான் உறைத்தது. "இன்னிக்கு நான் படகுல போயிகினே தண்ணில குதிக்கணுமாம். கயிறு உருவி இன்ஜின் நிக்கிதான்னு காட்டணுமாம்."

அவள் போன் கம்பெனி கேட்டில் பூட்டிய பெட்டியில் இருக்கும். வைகுந்தைக் கூப்பிட்டேன்; மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. பைக்கை எடுத்தேன். லாரிகளுக்கு நடுவில் எப்படிப் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கரையில் ஏறும்போதே இன்ஜின் சத்தம் கேட்டது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் நாற்காலியில் இருந்தார்கள். ஜெர்சி ஏரி நடுவில் கையை உயர்த்திக் காட்டிவிட்டுக் குதித்தாள்.

கைதட்டினார்கள். சத்தம் நிற்கவில்லை.

ஆளில்லாத படகு இடப்பக்கமாகத் திரும்பியது. வட்டம் போட்டு அவளை நோக்கியே வந்தது. அவள் நீந்தி விலகவில்லை. மணிக்கட்டில் தொங்கிய கயிற்றைப் பார்த்துக்கொண்டு, இதோ நின்றுவிடும் என்று மிதந்துகொண்டிருந்தாள். புருஷன் பார்த்த இன்ஜின் அல்லவா.

"முங்கு! ஜெர்சி, முங்கு!" என் தொண்டை கிழிந்தது.

தலை மறைந்தது. அந்த இடத்தின் மேலேயே படகு போனது. கர்த்தரே, என்னை எடுத்துக்கொள் என்றேன், வாய்விட்டு. பத்தடி தள்ளி அவள் தலை வந்தது. அடுத்த வட்டத்துக்குள் கரைப்பக்கம் நீந்திவிட்டாள். படகு இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றிக் கோரைப்புல்லில் ஏறிச் சிக்கிக்கொண்டது. நான் ஓடிப்போய்ப் பெட்ரோல் குழாயைப் பிடுங்கினேன்.

ஜெர்சி நடுங்கிக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றாள். இடது காலில் ரத்தம் வழிந்தது.

"கயிறு டூப்ளிகேட் போல. சப்ளையரை விடமாட்டேன்" என்றார் வைகுந்த்.

"ஆமா சார், கயிறுதான்" என்றாள் ஜெர்சி. "இன்ஜினை எங்க வூட்டுக்காரர்தான் பார்த்தாரு. அதுல தப்பு இருக்காது."

வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால், புதுக் கயிறு கட்டிக்கொண்டு அடுத்த மாதமும் இவள் குதிப்பாள். இன்ஜின் மூடியைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

அவள் குனிந்து பார்த்தாள். ஈரக்கை நேராக அந்த டேப்புக்குப் போனது. மடித்திருந்த நுனியை இரண்டு விரலால் பிடித்தாள். பிரிக்கவில்லை. பிடித்தபடியே என் முகத்தைப் பார்த்தாள்.